வாலை எங்கே வைப்பது?

என் விண்வெளிப் படக்கதையின் நாயகன் ஒரு கீரி. முதல் பென்சில் படத்தில் அவனுக்கு அகன்ற தோள், நீண்ட கால். கழுத்துக்கு மேலே மட்டும் கீரித் தலை. மாறுவேடப் போட்டிக்கு முகமூடி மாட்டி வந்த ஆள்போல இருந்தான்.

ஒரு வாரம் வயல் வரப்பில் உட்கார்ந்து கீரிகளை வரைந்தேன். பின்னங்காலில் எழுந்து நின்றாலும் முதுகுதான் நீளம், கால் குட்டை. கண்ணின் பாப்பா நமக்குப்போல வட்டமில்லை, படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். வட்டப் புள்ளி வைத்தால் பொம்மை. நீட்டிவிட்டால் அது நம்மை எடைபோடத் தொடங்கிவிடுகிறது.

விண்வெளி உடை போட்டதும் வால் இடைஞ்சலாயிற்று. வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எடையற்ற வெளியில் வாலை ஒரு பக்கம் சுழற்றினால் உடல் மறுபக்கம் திரும்பும் என்பது அப்புறம்தான் உறைத்தது. வாலுக்கும் உறை தைத்தேன். என் சண்டைக் காட்சிகள் எல்லாம் அந்த உறைக்குள்ளிருந்து வந்தவை.

பஞ்சதந்திரத்தில் நரி பேசினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் கதையில் கேட்பார்கள். 1976-ல் பில் மான்ட்லோவும் கீத் கிஃபனும் உருவாக்கிய காமிக்ஸ் நாயகன் ராக்கெட் ரக்கூனுக்கு, மான்ட்லோவே 1985 தொடரில் பதில் வைத்தார்: மனநோயாளிகளைப் பராமரிக்க, ரோபோக்கள் விலங்குகளுக்கு அறிவூட்டின. அந்தப் பதில் விளக்கத்தோடு நிற்கவில்லை. ராக்கெட்டுக்கு ஒரு வேலையும் பொறுப்பும் கொடுத்தது.

என் கீரிக்கான பதில் அதன் உடம்பிலேயே இருந்தது. பாம்பைக் கடித்த கீரி பச்சிலையில் புரண்டு விஷத்தை முறிக்கும் என்பது ஊர்ப் பேச்சு. உண்மையில், நாகத்தின் நஞ்சு போய் ஒட்டும் தசைப் புரதம் கீரிக்குச் சற்றே மாறி அமைந்திருக்கிறது. நஞ்சு எளிதில் பிடிப்பதில்லை. ஆகவே காற்றிலேயே அதுபோன்ற நஞ்சு கலந்த ஒரு கிரகத்தை உண்டாக்கினேன். மனிதர் இறங்க முடியாத இடம். அங்கே போவதற்காகவே அவனுக்குப் பேச்சும் அறிவும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பலூனில் "மனித குலத்தைக் காப்பேன்!" என்று எழுதி வைத்திருந்தேன். அதை அழித்தேன். இப்போது கப்பலின் கதவு திறக்கிறது; அவன் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: "நீங்க யாரும் வரலையா?"