ஆடு புலி ஆட்டத்துக்கு பாஸ்வேர்டு கிடையாது

1/
வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற நான் இன்னைக்கு பழைய விளையாட்டு, புராணம், மென்பொருள் மூணையும் ஒண்ணா சேர்த்து எழுதப்போறேன். டாக்டருக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு கேட்பீங்க. கடைசில ஒரு ஸ்கேன் சிடிக்கு வந்து நிப்பேன். பாதியில ஓடிடாதீங்க.

2/
பழைய கோயில் மண்டபங்களுக்குப் போனா தரையையும் கொஞ்சம் பாருங்க. சில இடங்கள்ல கல்லுல ஒரு பெரிய முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் கீறியிருக்கும். ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாம அடைச்சா ஆடு ஜெயிக்கும். இன்னைக்கும் 18 கல்லு பொறுக்கி வச்சு அதே கோட்டுல ஆடலாம். லாகின் இல்ல, அப்டேட் இல்ல.

3/
பல்லாங்குழிக்கு 14 குழி. ஆனா குழிக்கு எத்தனை முத்துங்கிறது ஊருக்கு ஊர் மாறும். எங்க அப்பத்தா ஊர்ல ஒரு விதி, அம்மாச்சி ஊர்ல வேற விதி. லீவுக்கு எங்க போறோமோ அந்த ஊர் விதிப்படி ஆடுவோம். விதியை மாத்த யாரும் யார்கிட்டயும் அனுமதி வாங்கல. மாத்தினதால ஆட்டம் கெட்டும் போகல. சொல்லப்போனா அதனாலதான் ஆட்டம் பிழைச்சது.

4/
நம்ம தாயத்தோட பங்காளி பச்சீசி. அது கப்பலேறிப் போச்சு. அமெரிக்காவுல 1874-ல 'பார்ச்சீசி'ங்கிற பேரை ஒரு கம்பெனி தன்னோட வணிகச் சின்னமா பதிஞ்சுக்கிச்சு. இங்கிலாந்துல 1896-ல 'லூடோ'ன்னு காப்புரிமை வாங்கினாங்க. ஆனா நம்ம திண்ணையில தாயக்கட்டை உருளுறது நிக்கல. ஏன்னா விதி பெட்டிக்குள்ள இல்ல, மனுஷங்க தலைக்குள்ள இருந்துச்சு.

5/
கம்ப்யூட்டர் கேம்ல கதை வேற. அங்க விதிங்கிறது நிரல். அதை எழுதினவர் காட்டினாத்தான் நமக்குத் தெரியும்.

90ஸ் கிட்ஸுக்கு ப்ரின்ஸ் ஆஃப் பெர்சியா ஞாபகம் இருக்கும். 1989-ல ஜோர்டன் மெக்னர் எழுதினது. அதோட மூல நிரல் அவர்கிட்டயே இல்லாம போச்சு. 2012-ல அவரோட அப்பா ஒரு பழைய பெட்டியில அந்த ஃப்ளாப்பிகளைக் கண்டுபிடிச்சார். பழைய மெஷின் வச்சிருந்த ஆர்வலர்கள் வந்து படிச்சு எடுத்தாங்க. உடனே உலகமே பார்க்கட்டும்னு இணையத்துல போட்டுட்டார். உ.வே.சா. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊரா அலைஞ்ச கதைதான், சின்ன அளவுல. பெட்டி கரையானுக்கோ குப்பைக்கோ போயிருந்தா?

6/
இன்னொரு பக்கம் டூம். 1993-ல வந்த கேம். 1997-ல கம்பெனியே மூல நிரலை வெளியிட்டுச்சு. 1999-ல யார் வேணா மாத்தலாம், பகிரலாம்னு ஜிபிஎல் உரிமத்துல கொடுத்துட்டாங்க. இன்னைக்கு எந்தப் புது மெஷின் வந்தாலும் "இதுல டூம் ஓடுமா?"ன்னு பார்க்கிறது உலக வழக்கமாவே ஆயிருச்சு. அதிர்ஷ்டத்துல பிழைச்சது ஒரு கேம். உரிமையால பிழைச்சது இன்னொண்ணு.

7/
இந்த உரிமையைத்தான் 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவிச்சு ஒரு இயக்கமா ஆரம்பிச்சார். நாலே விஷயம்: எதுக்கு வேணா ஓட்டலாம், உள்ளே பார்த்துப் படிச்சு மாத்தலாம், நகல் கொடுக்கலாம், மாத்தினதையும் கொடுக்கலாம்.

இங்கிலீஷ்ல 'ஃப்ரீ'ன்னு சொல்லிட்டு, "காசு இல்லைங்கிற அர்த்தத்துல சொல்லல"ன்னு இன்னும் விளக்கிட்டே இருக்காங்க. தமிழ்ல அந்தச் சிக்கலே இல்ல. இலவசம் வேற, கட்டற்றது வேற. உங்க போன்ல இலவசமா இறங்கின ஆப்ல பாதிக்கு மேல உள்ளே என்ன பண்ணுதுன்னு நீங்க பார்க்கவே முடியாது.

8/
இப்ப புராணம். மதுரைக்காரனுக்கு திருவிளையாடல் தவிர வேற என்ன? பேர்லயே விளையாட்டு இருக்கு.

முதல்ல பெரும்பற்றப்புலியூர் நம்பி எழுதினார். பிறகு பரஞ்சோதி முனிவர் அதே கதைகளை 64 படலமா தன் வழியில பாடினார். 1965-ல ஏ.பி. நாகராஜன் படமா எடுத்தார். நாகேஷோட தருமி வந்த பிறகு நமக்கெல்லாம் தருமின்னா அவர் முகம்தான். ஆவணி மூலத்துக்கு பிட்டுத் திருவிழாவுல சாமி இன்னும் மண் சுமக்கிறார். ஒவ்வொருத்தரும் எடுத்தாங்க, மாத்தினாங்க, திருப்பி ஊருக்கே கொடுத்தாங்க. நம்பி எழுதினது குறைஞ்சா போச்சு?

சங்கப் பலகையும் அப்படித்தான். தகுதியுள்ள புலவர் வர வர இடம் கொடுத்து நீளும்னு கதை. எனக்கு அது நகல் எடுக்கிறதைப் பத்தின கதையாத்தான் தெரியுது. அடுத்தவனுக்கு இடம் கொடுத்தா நம்ம இடம் சுருங்காது.

9/
"அப்ப புரோகிராமர் சோத்துக்கு என்ன பண்ணுவார் டாக்டர்?" நியாயமான கேள்வி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுங்க. உப்பு எவ்வளவு, குளுக்கோஸ் எவ்வளவுன்னு உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டிருக்கு. யார் வேணா தயாரிக்கலாம். பல கம்பெனிகள் தயாரிச்சு வித்து சம்பாதிக்கவும் செய்றாங்க. சூத்திரத்தைப் பூட்டி வச்சிருந்தா எத்தனை வயித்துப்போக்குக் குழந்தைகளை இழந்திருப்போம்? உழைப்புக்குக் காசு வாங்குங்க. சாவியை ஒளிச்சு வைக்காதீங்க, அவ்வளவுதான்.

10/
இப்ப சிடி. (அடையாளம் மாத்தித்தான் சொல்றேன்.)

58 வயசு விவசாயி. இருமல்னு வந்தார். சிடி ஸ்கேன்ல நுரையீரல்ல 9 மி.மீ. கட்டி. புற்றா இருக்கலாம், பழைய தழும்பாவும் இருக்கலாம். இந்த இடத்துல ஒரு டாக்டருக்குக் கிடைக்கிற பெரிய வரம் பழைய ஸ்கேன். கெட்டியான கட்டி 2 வருஷத்துக்கு மேல வளராம அப்படியே இருந்தா பெரும்பாலும் பயமில்ல.

அவர் மகள் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தாங்க. "சார், மூணு வருஷம் முன்னாடி பைக்ல விழுந்தப்ப நெஞ்சுக்கு எடுத்தது."

எனக்கு வந்த சந்தோஷம் அஞ்சு நிமிஷம்தான் நிலைச்சுது.

11/
சிடிக்குள்ள அந்தக் கம்பெனியோட சொந்த ஃபார்மட். திறக்க அவங்க மென்பொருளே வேணும். அது எங்க எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடல. எடுத்த ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணினா, "அந்த மெஷினை மாத்தியாச்சு சார், பழைய சாஃப்ட்வேரும் போயிருச்சு". ரிப்போர்ட்ல விலா எலும்பைப் பத்தி மட்டும் ரெண்டு வரி.

அவரோட நுரையீரல், அவர் காசு, அவர் கையில சிடி. ஆனா திறக்கிற உரிமை மட்டும் அவருக்கு இல்ல.

மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்னு முடிவாச்சு. எடுத்தோம். கட்டி வளரல. இன்னும் கண்காணிப்புல இருக்கார். "அந்த மூணு மாசம் அப்பா சரியா தூங்கலை சார்"னு மகள் சொன்னாங்க. அதுக்கு எந்த பில்லும் கிடையாது.

12/
இத்தனைக்கும் தீர்வு எப்பவோ வந்தாச்சு. ஒரு கம்பெனி படம் இன்னொரு கம்பெனி மெஷின்ல திறக்கலைங்கிற தொல்லைக்காகவே 1983-ல அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர் சங்கமும் கருவி தயாரிப்பாளர் சங்கமும் சேர்ந்து குழு போட்டாங்க. 1985-ல முதல் பொது விதி. 1993-ல அதுக்கு டைகாம்னு பேர். டைகாம் ஒரு மென்பொருள் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச ஆட்ட விதி. விதி வெளியில இருக்கிறதால வீசிஸ் மாதிரி கட்டற்ற மென்பொருள்கள் வந்தாச்சு. பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர்லயும் படத்தைத் திறக்கலாம்.

13/
உங்ககிட்ட நான் கேக்கிறது சின்ன விஷயம்.
• ஸ்கேன் எடுத்தா ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கிட்டு வராதீங்க. "டைகாம் ஃபைலா கொடுங்க"ன்னு கேளுங்க. சிடியோ பென் டிரைவோ, எதுலயும் சரி.
• லிங்க் கொடுத்தா அன்னைக்கே டவுன்லோடு பண்ணிடுங்க.
• வீட்ல ரெண்டு இடத்துல நகல் வைங்க.
• கிளினிக் வச்சிருக்கிற தம்பிகளே, மென்பொருள் வாங்கும்போது விலைக்கு முன்னாடி கேளுங்க: "நாளைக்கு நான் விலகினா என் பேஷன்ட் விவரம் முழுசும் பொது ஃபார்மட்ல கைக்கு வருமா?"

14/
ஒருத்தர் கேட்டா கவுன்டர்ல முறைப்பாங்க. பத்துப் பேர் கேட்டா மேனேஜரைக் கூப்பிடுவாங்க. எல்லாரும் கேட்டா கேக்காமலே கொடுப்பாங்க. தனி ஆட்டை புலி தாண்டி வெட்டிடும். சேர்ந்து நின்னாத்தான் அடைக்க முடியும்.

உங்க ஊர்ல பல்லாங்குழிக்கு குழிக்கு எத்தனை முத்து? சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு வழக்கம்போல சுகரைப் பத்தி பேசுவோம்.