விற்பவர் திறந்துகாட்டும் கதவுகள்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்க வருபவருக்கு அதன் உட்புறத்தைச் சுற்றிக் காட்டுவது, வீட்டைக் காட்டுவதோடும் சேராது, காரைக் காட்டுவதோடும் சேராது. எஞ்சின், ஓட்டுநர் இருக்கை, அடுப்பு, படுக்கை, கழிப்பறை ஆகிய யாவும் ஒரே அடிச்சட்டத்தின்மேல் அமைந்த வண்டியே மோட்டார்ஹோம்; வேறொரு வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் இதில் அடங்காது. படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் புதிதாக இராது. ஆனால் கேரவனில் ஓய்வெடுக்கும் நடிகர் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். மோட்டார்ஹோமில் குடியிருப்பவரே ஓட்டுநர், குழாய் பழுதுபார்ப்பவரும் அவரே, மின்சாரம் பார்ப்பவரும் அவரே. ஆகவே இங்கு விற்பவர் வண்டியோடு சேர்த்து ஒரு கல்வியையும் கைமாற்ற வேண்டியவராகிறார். அந்தக் கல்வி கைமாறாத விற்பனையைப் பாதி விற்பனை என்றே கருத வேண்டும்.

அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் இயங்கிவந்த வின்னிபேகோ நிறுவனம் 1966இல் தன் முதல் மோட்டார்ஹோம்களைத் தயாரித்தது. இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரைச் சுற்றியும் இத்தொழில் பெருமளவில் வளர்ந்தது. பழைய வண்டிச் சந்தையில் பரவலாகக் காணப்படுவது ‘சி’ வகை எனப்படும் நடுத்தர வண்டி. வேன் ஒன்றின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வெற்றுச் சட்டமாக விடப்பட்ட இடத்தில் வீட்டைக் கட்டி எழுப்புவார்கள். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு படுக்கையறை முன்னோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும். குழந்தைகளோடு வருபவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்து மகிழ்வது அந்த மேல்படுக்கையைத்தான். அனுபவமுள்ளவர்களும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள், ஆனால் அவர்கள் தேடுவது தண்ணீர் இறங்கிய தடத்தை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றும் மழையும் வந்து மோதும் முகப்பு அது; அங்கிருக்கும் இணைப்புகளில் பூசிய சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்தால், நீர் மெத்தைக்கு அடியில் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும்.

இத்தகைய வண்டிகள் பலவற்றின் சுவர், வெளியே கண்ணாடியிழைத் தகடும் நடுவே நுரைப்பலகையும் உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகையும் பசையால் ஒன்றாக ஒட்டப்பட்ட அடுக்கு. ஈரம் புகுந்தால் பசை விட்டுப்போய் வெளித்தகடு ஆங்காங்கே உப்பிக்கொள்ளும். வண்டியின் பக்கவாட்டில் நின்று சாய்வாக நோக்கினால் அந்த உப்பல் வெயிலில் அலைபோலத் தெரியும். உள்ளே அதைக் கண்டறியும் கருவி உள்ளங்கையும் பாதமுமே. ஜன்னலின் கீழ்மூலைகளையும் அலமாரியின் உட்கோடியையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஷவருக்கு முன்னாலும் வாசற்படியை ஒட்டியும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்க வேண்டும். தரை மெத்தென்று அமுங்கினால் அடியில் மரம் மட்கியிருக்கிறது என்று பொருள். மெத்தையைத் தூக்கிக் காட்டாமல், அதன் மேல் விரித்த புது விரிப்பை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மாறாக, கறை படிந்த மூலையைத் தாமே முதலில் சுட்டிக்காட்டி, எந்த ஆண்டு மழையில் அது வந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று சொல்பவரின் வண்டி, கறையோடேகூட நம்பத்தக்கது.

அடுத்து வருவது தண்ணீர். நகரத்து வீட்டில் குழாயைத் திறப்பவருக்கு நீர் வரும் இடமும் தெரியாது, போகும் இடமும் தெரியாது. மோட்டார்ஹோமில் இரண்டும் காலடியிலேயே இருக்கின்றன. நல்ல நீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய நீருக்கும் குளித்த நீருக்கும் சாம்பல் தொட்டி எனப்படும் இரண்டாவது தொட்டி, கழிப்பறைக்குக் கறுப்புத் தொட்டி எனப்படும் மூன்றாவது. நடுத்தர வண்டியொன்றில் நல்ல நீர் ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். கவனமில்லாத ஒரு குடும்பம் ஒரே நாளில் அதைத் தீர்த்துவிடும், பழகிய தம்பதியர் ஒரு வாரம் ஓட்டுவர். சுவரில் உள்ள சிறு பலகையில் பொத்தானை அழுத்தினால் தொட்டிகளின் அளவு விளக்குகளாகத் தெரியும். ஆனால் கறுப்புத் தொட்டியின் உணர்கருவிகளில் காகிதம் ஒட்டிக்கொள்வதால், காலி செய்த பிறகும் அது மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருப்பதாகவே பல வண்டிகளில் காட்டிக்கொண்டிருக்கும். பழைய உரிமையாளர் அந்த விளக்கை நம்பாமல், கழிப்பறையின் மிதியை அழுத்தும்போது எழும் ஒலியை வைத்தே அளவைச் சொல்லிவிடுவார். எந்தக் கையேட்டிலும் அச்சாகாத இத்தகைய அறிவுதான் இந்த விற்பனையின் உயிர்ப்பகுதி.

இவ்வண்டிக்குள் இருக்கும் பொருள்களில் மிகுந்த வியப்புக்குரியது குளிர்பதனப் பெட்டி. பழைய மோட்டார்ஹோம்களில் அது வீட்டு ஃபிரிட்ஜைப் போன்று கம்ப்ரெஸரால் இயங்குவதன்று. உறிஞ்சல் முறை என்று அறிவியலார் சொல்லும் முறையில், ஒரு சிறிய புரோபேன் சுடரின் வெப்பத்தால் இயங்குவது. நெருப்பை மூட்டினால் பனிக்கட்டி உறைகிறது. முதன்முறை கேட்பவர்கள் நம்புவதற்குத் தயங்குவது இயல்பே. அதன் உள்ளே அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் என்னும் மூன்றும் குழாய்களில் அடைபட்டுள்ளன. அம்மோனியா கரைந்திருக்கும் நீரைச் சுடர் சூடாக்க, அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறி, பெட்டியின் பின்புறத்துக் குழாய்களில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. அத்திரவம் கீழிறங்கி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயை அடையும்போது, அங்கு அம்மோனியாவின் பங்கழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த ஒரு வாயுவுக்குரிய பங்கு, மிகக் குறைவாக இருப்பதால், தாழ்ந்த வெப்பநிலையிலேயே மீண்டும் ஆவியாகிறது. அப்படி ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள் இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பின்னர் நீர் அந்த அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் விடுபட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப, சுற்று மறுபடியும் தொடங்குகிறது. சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. வெப்பமும் புவியீர்ப்பும் மட்டுமே வேலை செய்வதால் ஓசையும் இல்லை.

இந்த அமைப்பை 1922இல் உருவாக்கியவர்கள், ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள். இருவருக்கும் அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டியிருந்தது. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று அதை உலகெங்கும் கொண்டுசென்றது. அதே காலத்தில் பெர்லினில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் இதே வினாவை எடுத்துக்கொண்டு உழைத்தார்கள் என்பது பலர் அறியாத செய்தி. குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் ஒரு குடும்பமே மாண்டதாகச் செய்தித்தாளில் படித்த ஐன்ஸ்டைன், அசையும் உறுப்புகளும் கசியும் மூட்டுகளும் இல்லாத பெட்டி ஒன்று வேண்டும் என்று எண்ணினார்; அவர்களுடைய உறிஞ்சல் முறைப் பெட்டிக்கு 1930 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அவர்களது உரிமைகளில் சிலவற்றை விலைக்குப் பெற்ற எலக்ட்ரோலக்ஸ், அவற்றைப் பெட்டியாகச் செய்து விற்கவில்லை. சந்தையில் நிலைத்தது மாணவர் இருவருடைய வடிவமே. இருபதாம் நூற்றாண்டின் இயற்பியலையே மாற்றிய அறிஞர் ஒருவர், வீட்டில் உறங்கும் குடும்பத்தின் பாதுகாப்பைத் தம் கவலையாக எடுத்துக்கொண்டார் என்பது, அவருடைய பெரிய கோட்பாடுகளுக்குச் சற்றும் குறையாத மதிப்புடன் நினைக்கத்தக்கது.

புவியீர்ப்பை நம்பி நடக்கும் இப்பெட்டிக்கு ஒரு நிபந்தனை உண்டு: வண்டி சமமாக நிற்க வேண்டும். மேடுபள்ளத்தில் சாய்ந்து நிற்கும்போது நெடுநேரம் எரியவிட்டால், திரவம் ஓரிடத்தில் தேங்கி, சூடேறும் குழாய் வறண்டு, உள்ளே துருப்பிடிக்காதிருக்கக் கலந்துள்ள உப்பு படிந்து பாதையை அடைத்துவிடும். அப்படி அடைத்ததைத் திறக்க வழியில்லை. பழைய வண்டிகளில் குளிர்பதனப் பெட்டியின் அருகே, கட்டடத் தொழிலாளர் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போன்ற சிறிய குமிழ்க்குழாய் ஒட்டப்பட்டிருப்பது அதனால்தான். வாங்க வருபவர் அதைக் கண்டால், முந்தைய உரிமையாளர் ஒவ்வோர் இரவும் சக்கரத்துக்கடியில் மரத்துண்டு வைத்து வண்டியைச் சமப்படுத்தியவர் என்று ஓரளவு ஊகிக்கலாம். வெளிப்புறத்தில் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் காற்றுவழிக் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் அவசியம். குழாய்களில் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி வந்தாலோ பெட்டியின் ஆயுள் முடிந்தது. இம்முறைப் பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அக்கறையுள்ள விற்பனையாளர் முந்தைய நாளே சுடரை ஏற்றி வைத்து, உள்ளே ஒரு வெப்பமானியையும் வைத்திருப்பார். ‘நன்றாகத்தான் வேலை செய்யும்’ என்று சொல்லி வெறும் பெட்டியைத் திறந்துகாட்டுவது எதையும் காட்டியதாகாது.

இவ்வண்டிகள் பெருந்திரளாகக் கூடும் இடங்களுள் ஒன்று, அரிசோனா பாலைவனத்தின் குவார்ட்ஸைட் என்ற ஊர். அங்கு அரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை நீண்டகாலம் தங்குவதற்கு அனுமதி உண்டு. வட மாநிலங்களின் பனிக்கு அஞ்சி வரும் முதியவர்கள் குழாயும் மின்கம்பியும் இல்லாத சரளை வெளியில் மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். கண்பார்வையும் கைநடுக்கமும் இனி ஓட்ட விடா என்ற நிலை வரும்போது வண்டியை விற்கிறார்கள். அவ்வூர் இடுகாட்டில் கல்லால் கட்டிய பிரமிடு வடிவக் கல்லறை ஒன்று உண்டு; உச்சியில் ஒட்டக உருவம் நிற்கும். 1902இல் இறந்த ஹாஜி அலி என்பவருடைய நினைவாக 1935இல் எழுப்பப்பட்டது அது. உள்ளூர் மக்கள் நாவில் அவர் பெயர் ஹை ஜாலி என்று திரிந்துவிட்டது.

தென்மேற்குப் பாலைவனங்களில் சுமை கொண்டுசெல்ல ஒட்டகங்கள் உதவும் என்று அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் முயன்றதன் பேரில், 1856இல் டெக்சாஸ் கரையில் ஒட்டகங்கள் வந்திறங்கின. அவற்றுடன் ஒட்டோமான் நாட்டிலிருந்து வந்த ஒட்டகப் பாகர்களுள் ஹாஜி அலியும் ஒருவர். 1857இல் எட்வர்ட் பீல் என்பவர் தலைமையில் கலிஃபோர்னியாவை நோக்கிச் சென்ற சாலை அளவைப் பயணத்தில் அவை நன்றாகவே உழைத்தன. கோவேறு கழுதைகளோடு பழகிய படைவீரர்களுக்கோ ஒட்டகத்தின்மேல் சுமை கட்டத் தெரியவில்லை, அதன் குணமும் புரியவில்லை. பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. கலிஃபோர்னியாவில் எஞ்சியவை 1864இல் பெனிஷியா என்னும் ஊரில் ஏலத்துக்கு வந்தன. விலங்குகளை விலைக்குக் கொடுக்க முடிந்தது. பாகர்களின் கையிலிருந்த பழக்கத்தைக் கொடுக்க எந்த ஏலத்தாலும் முடியவில்லை. இந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டு அதே ஊரில் பழைய மோட்டார்ஹோம் வாங்க நிற்பவர், அந்த ஒட்டகங்களைச் சிறிது நேரமாவது எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஏனெனில் அவருக்கும் அறிவின்றி வண்டி மட்டும் கைக்கு வர வாய்ப்புண்டு. சாப்பாட்டு மேசையின் காலை மடக்கி, பலகையைத் தாழ்த்தி, முதுகுச்சாய்வு மெத்தைகளை இறக்கிப் பரப்பினால் அது கட்டிலாகும்; எந்த மெத்தை எந்தப் பக்கம் வந்தால் நடுவில் இடைவெளி விழாது என்பது உரிமையாளரின் மனைவிக்கே தெரிந்திருக்கலாம். ஜெனரேட்டரின் மணிக்கணக்குக் காட்டியில் குறைந்த எண்ணைக் கண்டு வாங்குபவர் மகிழ்கிறார். மாதம் ஒருமுறையாவது சுமை ஏற்றி ஓட்டப்படாத ஜெனரேட்டரில் பெட்ரோல் பிசினாகி உறைந்துவிடும் என்பதால், அந்தச் சிறிய எண் அச்சம் தர வேண்டியது. டயரின் பூக்கள் தேயாமல் இருப்பதும் அப்படியே: பக்கச் சுவரில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும், நின்றே முதுமையடைந்த டயர் நெடுஞ்சாலை வெப்பத்தில் வெடிக்கும். குளிர்காலம் தொடங்குமுன் குழாய்களில் உறையெதிர்ப்புத் திரவம் செலுத்தப்பட்டதா என்பதையும் வாயால் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினார் என்று காட்டச் சொல்லலாம்.

காட்டும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். விற்பவர் ஒவ்வொன்றையும் தாமே இயக்கிக்காட்டி, வாங்குபவர் தலையசைத்துக்கொண்டு நிற்பதே வழக்கமாக உள்ளது. இடம் மாறிக்கொள்வது நல்லது: விற்பவர் சோபாவில் அமர்ந்து வாயால் மட்டும் சொல்ல, வாங்குபவர் தம் கையால் தண்ணீர் நிரப்பி, பம்பை இயக்கி, சுடரை ஏற்றி, மேசையைக் கட்டிலாக்கி, கடைசியில் முழங்கையளவு கையுறை மாட்டிக்கொண்டு கறுப்புத் தொட்டியைக் குழாய்வழி காலிசெய்து, அதன்பின் சாம்பல் தொட்டியைத் திறந்து, அந்த நீரால் குழாயைக் கழுவி முடிக்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும். விலை பேசுவதைக் கையைக் கழுவிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.