மேற்பரப்பு சொல்லாத அலை

பொழியூரில் பொழி திறந்திருக்கும் நாளில் கரையில் நிற்கும் ஆய்வு மாணவனுக்குப் பாடநூலின் ஈரடுக்குக் கடல் கண்முன்னே கிடக்கிறது. கனத்த உப்புநீரின்மேல் நெய்யாற்றின் நன்னீர் பரவுகிறது. ஆழ்கடலிலும் அவ்வாறே: மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர். அவற்றின் எல்லையில்தான் அகத் தனியலைகள் பயணிக்கின்றன.

1834இல் ஸ்காட்லாந்துக் கால்வாயில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரைமீது பின்தொடர்ந்த தனியலை, மேற்பரப்பில் எழுந்த முகடு. 1980இல் ஆஸ்போர்னும் பர்ச்சும் அந்தமான் கடலில் விவரித்தவையோ உள்ளே குழியும் பள்ளங்கள். ஆழம் பல பத்து மீட்டர். மேலடுக்கு மெலிந்திருந்தால் அலை கீழ்நோக்கிக் குழியும். அடர்த்தி வேறுபாடு மிகுந்தால் விரையும். நிலநடுக்கோட்டருகே புவிச்சுழற்சியின் விளைவு நலிவதால், அலை தன் ஆற்றலை எளிதில் சிதறவிடாது நெடுந்தொலைவு செல்கிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் திருகோணமலைத் துறைமுக நீர் ஊசலாடுவதை ஆய்வாளர்கள் அந்தமான் அலைகளோடு தொடர்புபடுத்தியுள்ளனர்.

அத்தகைய அலை கடக்கையில் மேலடுக்கும் கீழடுக்கும் எதிரெதிர்த் திசைகளில் ஓடும். மேற்பரப்பின் அலை உயரத்தை மட்டும் கூறும் முன்னறிவிப்பு, ஆழத்தில் வலைவிடுவோருக்குப் பாதிச் செய்தியே. மீதிப் பாதியைச் சொல்லும் கடமை, சமன்பாட்டைத் தீர்ப்பவனுடையது.