காதுக்கு ஒரு சினிமா

சினிமாவைக் கேட்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. இரண்டரை மணி நேரப் படத்தைச் சுருக்கி, வசனமும் பாட்டுமாக 'ஒலிச்சித்திரம்' என்று வானொலியில் ஒலிபரப்புவார்கள். 1984இல் வெளியான விதி படத்தின் கோர்ட் வசனம் கேசட்டாக வந்து டீக்கடைகளில் முழங்கியது. படம் பார்க்காதவர்களுக்கும் அது மனப்பாடம்.

ஐரோலியில் எங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் அம்மாவின் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துவிட்டது. மாட்டுங்காவில் குடியிருந்த நாட்களில் அரோரா தியேட்டருக்கு வந்த தமிழ்ப் படங்களைத் தவறவிடாதவள், டி.வி. முன்னால் உட்காரவே மறுத்தாள். "பக்கத்துல ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும். அவங்களுக்கும் பாரம், எனக்கும் பாரம்" என்றாள்.

திரையும் மெனுவும் அவளுக்குத் தேவையில்லை. பொத்தானை அமுக்கினால், விட்ட இடத்திலிருந்து படம் பேச வேண்டும். எனவே விலைக்கு வாங்கிய டிவிடிகளில் உள்ள படங்களை ஒலிக் கோப்புகளாக மாற்ற ஆரம்பித்தேன். அவை வீட்டைத் தாண்டிப் போவதில்லை.

காரியம் சுலபம். வீடியோ கோப்பு என்பது ஒரு பெட்டி. படமும் ஒலியும் அதற்குள் தனித்தனியாகவே இருக்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள், ஒலியைத் தொடாமல் அப்படியே நகலெடுத்துத் தரும். விநாடிக்கு 448 கிலோபிட் வேகத்தில் பதிவான டால்பி ஒலி, இரண்டரை மணி நேரத்துக்குச் சுமார் 500 எம்.பி. இதையே சாதாரண எம்பி3 ஆக்கினால் அளவு குறையும். ஆனால் ஆறு தடங்கள் இரண்டாக நசுங்கிவிடும்.

அம்மாவுக்கு அந்த ஆறும் வேண்டும். 5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அந்தப் புள்ளி ஒன்று, இடி, வெடி போன்ற ஆழ்ந்த அதிர்வுகளுக்கு. பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில் வரும். கண் பார்ப்பவருக்கு இது ஆடம்பரம். அம்மாவுக்கு இதுதான் வரைபடம். "மழை பின்னாடி பெய்யுதுடா, ஜன்னல் அங்கயா இருக்கு?" என்று முதல் நாளே கேட்டாள். யார் எந்தப் பக்கமாக வெளியே போனார் என்பதைக் கார் சத்தத்தை வைத்து எனக்கு அவள் சொல்கிறாள்.

சிக்கல் பழைய படங்களில்தான். 1965இல் வந்த திருவிளையாடலுக்கு ஒலி ஒரே தடம். ஒன்றை ஆறாக்கித் தருவதாகச் சில மென்பொருள்கள் ஆசை காட்டுகின்றன. அவை செய்வது பெரும்பாலும் கொஞ்சம் தாமதம், கொஞ்சம் எதிரொலி சேர்ப்பதுதான். இரண்டு விதமாகவும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "எதுக்கு எல்லாரும் கிணத்துக்குள்ள நின்னு பேசறாங்க?" என்றாள். தீர்ப்பு முடிந்தது.

டால்பியின் பழைய புரோலாஜிக் முறை இதில் நேர்மையானது. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பின்னால் அனுப்பும். ஒற்றைத் தடத்தில் வித்தியாசம் ஏது? பின்னால் மௌனம், சிவாஜியும் நாகேஷும் நடு ஒலிபெருக்கியில். பதிவில் இல்லாத இடத்தை அது இட்டுக்கட்டுவதில்லை. வழி தேடிக் காது கொடுப்பவருக்கு, இல்லாத ஜன்னலைக் காட்டுவது ஏமாற்றுதான்.

ஆனாலும் ஒலிக்கு எல்லை உண்டு. ஒரு பார்வை, ஒரு கண்ணீர்த் துளி, மௌனமாக நீளும் கடிதம் எதுவும் எந்தத் தடத்திலும் இல்லை. அப்போது அம்மா காத்திருக்கிறாள். தியேட்டர்களில் பார்வையற்றோருக்குக் காட்சியை விவரிக்கும் குரல் வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. புதிய படங்களுக்கு அது வழி. அலமாரியில் உள்ள நூற்றுச் சொச்சம் டிவிடிகளுக்கு நாங்களேதான் குரல் கொடுக்க வேண்டும்.

அந்தக் குரலை எந்த ஒலிபெருக்கியில் வைப்பது என்று அம்மாவிடமே கேட்டேன். பதிவு செய்த குரல் என்பதால் யாருக்கும் பாரமில்லை என்று சம்மதித்தாள். "ஆனா நடுவுல வேண்டாம், அங்க நடிகருங்க நிக்கறாங்க. வலது பக்கம் பின்னாடி வை. பக்கத்து சீட்டுலேர்ந்து சொல்ற மாதிரி இருக்கட்டும்."