குட்டைக்கும் உண்டு பாலன்ஸ் ஷீட்!

"குட்டையைத் தூர்த்துட்டு ரெண்டு போர்ஷன் கட்டுங்க சார், வாடகை கொட்டும்!" எனக்கு இந்த யோசனையைச் சொல்லாத புரோக்கர் காரைக்கால் வட்டாரத்திலேயே இல்லை. கருக்களாச்சேரியில் கொல்லைக் குட்டையோடு குடியிருப்பவனை, ஸ்கூட்டரை விற்று மாட்டுவண்டி வாங்கியவனைப் போலப் பார்க்கிறார்கள்.

நான் பி.காம். கணக்காகவே பதில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கடல் கூப்பிடு தூரம். மண்ணுக்கடியில் உப்புத் தண்ணீர் தயாராக நிற்கிறது. மழைத் தண்ணீர் எடை குறைவானது. மண்ணில் இறங்கி, உப்புத் தண்ணீரின் தலைமேல் மிதந்து, அதைக் கீழேயே அழுத்தி வைக்கிறது. மணற்பாங்கான கரையோரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பு எட்டிப் பார்க்காது. ஒன்றுக்கு நாற்பது! எந்த பாங்க் சார் தரும் இந்த வட்டியை? குட்டையைத் தூர்த்தால் மழை கடலுக்கு ஓடும். அடிபம்ப் உப்புக் கரிக்கும். வாடகைப் பணம் கேன் தண்ணீருக்குப் போகும்.

2004 டிசம்பர் 26 சுனாமி, இந்தக் கரையோரக் குளம் குட்டைகளில் கடலையே கொட்டிவிட்டுப் போனது. இறைத்து, மழை விட்டுக் கழுவித்தான் மீட்க வேண்டியிருந்தது. 2019-ல் மாவட்ட நிர்வாகமே 'நம் நீர்' என்று நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வாரியது. அதன் அருமை அவர்களுக்கும் தெரிகிறது.

பராமரிப்பும் அக்கவுண்ட்ஸ்தான். உள்ளே போவதும் வெளியே வருவதும் டேலி ஆகணும். சோப்புத் தண்ணீர், சாணி, கஞ்சி எல்லாம் பாசிக்கு விருந்து. உள்ளே விட்டால் குட்டை பச்சைப் பெயின்ட் டப்பாதான். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மீனும் தவளையும் செத்துவிடும். கொசு மட்டும் குடும்பத்தோடு திரும்பி வரும்!

எனவே துவைத்த தண்ணீர் வாழைக்கு. வெங்காயத்தாமரையை ஒற்றைச் செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். அல்லியை மூன்றில் ஒரு பங்கு விடலாம். நிழலில் பாசி அடங்கும். கொசுப்புழுவைச் சின்ன மீன்கள் பார்த்துக்கொள்ளும், சம்பளம் இல்லாமல். கரைக்கு சிமென்ட் வேண்டாம். சரிவாக விட்டு அருகம்புல் வளர்த்தால் மண் சரியாது, தவளையும் ஏறி இறங்கும். கோடையில் வற்றும்போது சேற்றை வாரித் தென்னைக்குப் போடலாம். ஆனால் சேறோடு நிறுத்தணும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும்.

எங்கள் குட்டைக்கு ஆடிட்டர் என் மனைவி. கத்திரி வெயிலில்தான் ஆடிட். அடிபம்ப் தண்ணீரை உலையில் ஊற்றிப் பருப்பைப் போடுவாள். உப்பேறிய தண்ணீரில் பருப்பு லேசில் வேகாதே! நான் கூடத்தில் பேப்பர் படிப்பதாக நடித்துக்கொண்டிருப்பேன்.

"வெந்துடுச்சுங்க!"

அப்பாடா... இந்த வருஷக் கணக்கும் பாஸ்!