வான்வழி சென்ற பணியாரப் பொதி

செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு நடத்திவருபவர் நாம். ஆயினும், நன்றியை ஒருவர் கையில் எவ்வாறு கொடுப்பது என்று தெரியாமல் நாமே விழித்து நின்ற கதையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்லலாமென எண்ணுகிறோம்.

நம் அன்னையாருக்கு வயது 78. விழித்திரையிற் கண்ட நோயின் பொருட்டு, கண்ணினுள் ஊசிமருந்து ஏற்றுவதற்காக மாதம் ஒருமுறை அவரைச் சென்னைக்கு அழைத்துச் செல்லவேண்டியதாயிற்று. 1947 டிசம்பரில் எயர் சிலோன் விமானம் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்திற்று. பின்னர் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த அவ்வழி 2019 ஒக்டோபரில் பலாலியில் மீண்டும் திறக்கப்பட்டு, கொள்ளைநோயால் இடைநின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் உயிர்பெற்றது. இருபுறமும் விசிறி சுழலும் சிறிய விமானம்; எழுபது சொச்சம் பேர் ஏறலாம். விமானிகள் இருவர், பணிப்பெண்கள் இருவர். மாதந்தோறும் போய்வருவோருக்கு ஊர்ப் பேருந்து போலவே அது பழகிவிடுகிறது.

இரண்டாம் பயணத்தின்போது மழை. ஏணிப்படியின் அடியில் அன்னையார் கால்வைக்க அஞ்சி நின்றார். பணிப்பெண்களில் ஒருத்தி இறங்கி வந்து, “வாங்க பாட்டி, நான் இருக்கேன்” என்று கையைப் பற்றி, ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லி ஏற்றிவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் அன்னையார் அதனை ஒரு மாதம் முழுதும் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அடுத்த பயணத்துக்கு முதல்நாள் பயற்றம் பணியாரம் சுட அவர் முனைந்தார். கண் சரியாகத் தெரியாது. வறுத்த பயற்றம்மாவையும் தேங்காய்ப்பூவையும் பாகிற் குழைத்து, உருண்டையின் அளவைக் கைவிரலால் அறிந்தார். எண்ணெயிலிட்டது வெந்ததைச் சத்தத்தால் அறிந்தார். நம் மனைவியார் அடுப்பருகே அச்சத்துடன் நின்றார். உதவிக்குக் கைநீட்டியபோதெல்லாம் ஒதுக்கப்பட்டார். மாலையில் வாழையிலையிற் சுற்றி, பத்திரிகைத் தாளில் மடித்து, நூலாற் கட்டிய பொதியொன்று ஆயத்தமாயிற்று.

தற்செயலாக அதே பணிப்பெண்ணே வாயிலில் நின்றாள். அன்னையார் பொதியை நீட்டினார். அவள் கைகூப்பினாள், வாங்கவில்லை. “மன்னிச்சுக்கோங்க பாட்டி, வீட்டில் செய்த பண்டம் வாங்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க” என்றாள். அன்னையார் மீண்டும் நீட்டினார். பின்னால் வரிசை தேங்கிற்று. யாரோ செருமினார். நாம் பொதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டோம். சென்னை சேரும்வரை அன்னையார் ஒரு சொல்லும் பேசவில்லை. இறங்கியபின்,

“எங்கடை வீட்டுப் பண்டம் அவைக்கு ஆகாதோ, தம்பி?” என்றார்.

நாம் ஏதோ சமாதானம் கூறினோம். அவர் அதனைக் கேளாதவர்போல, வேறொரு செய்தியைச் சொன்னார். அவர் மணமாகி வந்த புதிதில், நம் வளவுக்குப் பனையேற வருபவரின் மனைவி, ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாளாம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது அன்னையார் மருந்துக்குக் காசு கொடுத்ததற்காக. அன்னையார் சிரித்தபடியே வாங்கி, அவள் தலை மறைந்ததும் கோழிகளுக்கு இட்டுவிட்டாராம். “அவள் திரும்பிப் பார்த்தவளோ தெரியாது” என்றார். இந்நாற்பது சொச்சம் ஆண்டுகளில் இதனை நாம் கேள்வியுற்றது அன்றே.

சென்ற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து தமையனாரின் மகள் வந்திருந்தாள். அவள் அங்கே விமானப் பணிப்பெண். குடியிருப்பது மொன்றியலில், கடமை தொடங்குவது ரொறொன்ரோவில். வட அமெரிக்காவில் இவ்வாறு ஓர் ஊரில் வாழ்ந்து வேறோர் ஊரில் வேலைபார்க்கும் விமானப் பணியாளர் பலராம். வெற்றிடம் இருந்தால் மட்டுமே ஏறலாம் என்ற முறையில் அவர்கள் வேலைக்கு வான்வழியே போய்வருகின்றனர். விமானியாயின், தலைமை விமானியிடம் நேரிற் சென்று அனுமதி கேட்டு, விமானியறையின் உபரி இருக்கையிலும் அமர்ந்துசெல்வதுண்டாம். அவ்வாறு போகுங்கால், கடமையிலிருப்போருக்குச் சிறு தின்பண்டம் கொண்டுசெல்வதும் அங்கே ஒரு வழக்கம் என்றாள். கட்டாயமன்று; வாரம் நான்குமுறை பறப்பவர் ஒவ்வொரு முறையும் வாங்கினால் சம்பளம் சொக்கலேற்றாகவே கரைந்துவிடும் என்று சிரித்தாள். ஏறியவுடன் தன்னை அறிமுகஞ்செய்து வணக்கம் சொல்வதே முதன்மையானது. பண்டம் அதன் பின்னர்தான்.

அன்னையார் மெல்லத் தம் வழக்கைத் தொடுத்தார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள்.

“அப்பம்மா, அது உங்களை வேண்டாமெண்டதில்லை. இரண்டு விமானிகளுக்கும் ஒரே சாப்பாடு குடுக்கமாட்டினம், தெரியுமோ? ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மற்றவர் ஓட்டவேணும். அப்பிடியிருக்க, ஆர் செய்தது, எப்ப செய்தது எண்டு தெரியாததை என்னெண்டு சாப்பிடுறது?”

ஆதலின், கடையில் வாங்கி, முத்திரை உடைபடாததாய் இருத்தல் வேண்டும். தனித்தனியே சுற்றப்பட்டதாயின், வேலைக்கிடையே ஒன்றை வாயிலிட்டுக்கொள்ள வசதி. கச்சான் முதலியவை சிலருக்குப் பெருந்தீங்கு செய்யும் என்பதால் அவை வேண்டா. பாணி, தேன் போன்றவை 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் சோதனையிலேயே நின்றுவிடும். காசு நீட்டுவது அறவே கூடாது. வாயிலில் வரிசையை மறித்துக்கொண்டு உபசாரம் பேசாமல், மூத்த பணிப்பெண்ணிடம் “எல்லோருக்கும்” என்று ஒரு சொல்லிற் கொடுத்து நகர்ந்துவிடவேண்டும். கொடுத்ததற்காக நல்ல இருக்கையை எதிர்பார்ப்பது நன்றியன்று, கைக்கூலி. (இவ்விடத்தில் அவள் நம்மைப் பார்த்த பார்வையின் காரணம் நமக்கு விளங்கவில்லை.)

“உண்மையிலே எங்களுக்குப் பெரிசு, கடிதம்தான் சித்தப்பா. திகதியும் விமான இலக்கமும் போட்டு இன்னார் இன்னது செய்தார் எண்டு எழுதினால், அது எங்கடை கோவையிலே இருக்கும். சொக்கலேற்று ஒரு மணித்தியாலத்திலே முடிஞ்சிடும்” என்றும் சொன்னாள்.

அடுத்த பயணத்துக்குப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்திற் பொதிசெய்த பனங்கற்கண்டு வாங்கிச் சென்றோம். வாயிலில் நின்றவள் வேறொருத்தி. “இவள் அவளில்லையே” என்று அன்னையார் நம் காதிற் கிசுகிசுத்தார். எல்லோருக்கும் என்பதன் பொருளை நாம் அங்கேயே விளக்க நேர்ந்தது. வரிசை மறுபடியும் சற்றுத் தேங்கியதென்பதை ஒப்புக்கொள்கிறோம். அப்பெண் பொதியின் மேலெழுத்தைப் படித்துப்பார்த்து, மகிழ்ந்து வாங்கிக்கொண்டாள்.

கடிதத்தை வீடு திரும்பியபின் எழுதினோம். பிழையற்ற செந்தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டியபோது அன்னையாருக்கு அது பிடிக்கவில்லை. “மழைக்குள்ளே இறங்கி வந்து படியை எண்ணினவள் எண்டு எழுது, காணும்” என்றார். அவ்வாறே எழுதி, ஆங்கிலத்தில் ஒரு படியும் சேர்த்து அனுப்பினோம். கையொப்பம் அன்னையாருடையது, கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயிருந்தது.

தாளை மடித்துக்கொண்டிருக்கையில், அந்தப் பனையேறுபவர் குடும்பத்தில் யாராவது இன்னும் ஊரில் இருக்கின்றனரா என்று வினவினார். இடப்பெயர்வின்போது எங்கெங்கோ சிதறிப்போனவர்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.