முதல் படைப்புக்கு ஒரு மேடை

கவிதை எழுத முனையும் இளைஞருக்குத் தாளும் தனிமையும் போதும். எழுதியது பிடிக்கவில்லையெனில் கிழித்தெறியலாம், எவரும் அறியப்போவதில்லை. நடனம் அமைக்க விரும்புபவருக்கு அந்த வசதி இல்லை. அவரது முதல் வரைவே பிறர் உடல்களில்தான் உருப்பெற வேண்டும். ஒத்திகைக் கூடம், தேர்ந்த கலைஞர்கள், அவர்களது நேரம், இறுதியில் பார்வையாளர் என இவையாவும் கூடினால்தான் தாம் எண்ணியது சரியா என்பதே அவருக்குப் புலப்படும். அனுபவமற்றவருக்கு மேடை தருவார் இல்லை. மேடையின்றி அனுபவம் வருவதும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் கண்ட விடை எளிமையானது. 1958இல் ஃபிரிட்ஸ் ஹோவர் அங்கு நோவேர் கழகத்தைத் தொடங்கினார். 1760களில் அந்நகர அரசவையில் பணியாற்றி, பாலே வெறும் அலங்காரமன்று, நாடகம் என்று வாதிட்ட ழான்-ஜார்ஜ் நோவேரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. ஜான் கிராங்கோ ஸ்டுட்கார்ட் பாலேவின் இயக்குநராக வந்த 1961 முதல், இளம் நடன அமைப்பாளர்களுக்கெனக் கழகம் மாலை நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கியது. குழுவின் கலைஞர்கள் அன்றாடப் பணி போக எஞ்சிய நேரத்தில், சக கலைஞரின் புதுப்படைப்புக்காக ஒத்திகை பார்த்தனர்.

ஜான் நாய்மயரின் தொடக்ககாலப் படைப்புகள் அந்த மாலைகளில் மேடையேறின. யிர்ஜி கிலியானின் ‘பாரடாக்ஸ்’ 1970இல் அங்கு அரங்கேறியது. 1976இல், தம் 26ஆம் வயதில், வில்லியம் ஃபோர்சைத் மாலரின் இசைக்கு அமைத்த ‘ஊர்லிக்ட்’ என்னும் இருவர் நடனமும் அங்கேயே பிறந்தது. பின்னாளில் மூவரும் முறையே ஹாம்பர்க், ஹேக், ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குழுக்களை வழிநடத்தி, பாலேவின் போக்கையே மாற்றினர்.

ஆயினும் இம்மூன்று பெயர்களைக் கொண்டு மட்டும் அந்த மாலைகளை மதிப்பிடுவது பிழை. அங்கு மேடையேறிய பல படைப்புகள் இன்று எவர் நினைவிலும் இல்லை. எது நிலைக்கும், எது அந்த இரவோடு முடியும் என்பது திரை விலகும்முன் கிராங்கோவுக்கே தெரிந்திருக்க வழியில்லை. ஆடியவர்களும் அதை அறியாமலேயே தம் ஓய்வை ஈந்தனர். வெற்றி உறுதியான பின் கைகொடுப்பது கணக்கு. அது தெரியாதபோது கைகொடுப்பதே கொடை.

ஆய்வுலகுக்கும் இது பொருந்தும். கருத்தரங்க மேடை பெரும்பாலும் முடிவு கண்ட கட்டுரைக்கே கிட்டுகிறது. தடுமாறும் எண்ணத்தோடு வருபவர் ஏளனத்துக்கு அஞ்சுகிறார். ஆனால் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் எவருக்கும் தடுமாற்றமின்றி அமைவதில்லை. சக மாணவரின் முதிராத அத்தியாயத்தை, அது தேறுமா என்று தெரியாமலே, தம் வேலை முடிந்த மாலையில் அமர்ந்து படித்துக் குறிப்பெழுதித் தருபவர், ஸ்டுட்கார்ட் கலைஞர்கள் செய்ததையே செய்கிறார். அவர் பெயர் எந்த ஆய்வேட்டின் முகப்பிலும் இடம்பெறுவதில்லை. எனினும் ஒரு துறையில் அடுத்த தலைமுறை தோன்றுமா என்பது அத்தகையோர் அங்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.